கோமாளி மீன்: ஜோடி வாங்குமுன் குஞ்சுத் தீனி தயாராகட்டும்

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடல் சாமந்திகளின் நடுவே வாழும் கோமாளி மீன், அலங்கார மீன் வியாபாரத்தில் கிராக்கி உள்ள இனமாகும். வெள்ளைப் பட்டை போட்ட இந்தச் சிறு மீனை, 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற சித்திரப் படம் ஊர்தோறும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைத்தது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலேயே இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். கடலோரச் சிறு விவசாயிகள் இதை உபதொழிலாக எடுத்துக்கொள்ள முடியும்.

முட்டையிட வைப்பது பெரிய வித்தை அன்று. நல்ல ஜோடி அமைந்து, தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தால் மீன் தானாகவே முட்டையிடும். கஷ்டம் அதற்குப் பின்னால்தான் ஆரம்பமாகிறது. பொரிந்து வரும் குஞ்சு 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். கடையில் விற்கும் தூள் தீனியை அது தொடாது. கண்ணெதிரே அசையும் நுண்ணிய உயிர் இரையை மட்டுமே கவ்வும். அந்த இரை முதல் நாளே தொட்டி முழுவதும் நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள், நான்காம் நாளில் தொட்டி காலியாகிவிடும். முட்டை கண்ட மகிழ்ச்சியில் இருந்தவர்கள் ஒரே வாரத்தில் தொழிலை விடுவது இந்தக் காரணத்தால்தான்.

கறவை மாட்டை ஓட்டி வருமுன் கொல்லையில் தீவனப் புல் நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே கண்டிப்பு அதைவிட அதிகம். மாட்டுக்காவது அடுத்த வீட்டில் வைக்கோல் கடன் வாங்கலாம்.

எந்த மீனை வாங்குவது?

கோமாளி மீனில் உலகில் சுமார் 30 வகைகள் உள்ளன. நம் கடற்பகுதியில் உள்ள 'செபே' வகை கரும்பழுப்பு உடலும், வெள்ளைப் பட்டைகளும், மஞ்சள் வாலும் உடையது. ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட 'ஆசெல்லாரிஸ்' வகை அந்தமான் கடலிலும் தென்கிழக்கு ஆசியக் கடல்களிலும் காணப்படுவது. சிறிய தொட்டிக்கும் புதிதாகத் தொடங்குவோருக்கும் ஆசெல்லாரிஸ் ஏற்றது. சாதுவான மீன், தொட்டி வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகும், கடைகளில் அதிகம் கேட்கப்படுவதும் அதுவே. செபே உருவில் பெரியது, சற்று முரடு.

தொட்டியில் கோமாளி மீனைப் பெருக்கும் முறை புதிதல்ல. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த மார்ட்டின் மோ, ஆசெல்லாரிஸ் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்த விவரத்தை 1973-இல் வெளியிட்டார். நம் நாட்டில் மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவில் செபே மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்த முறை 2001-இல் வெளியாயிற்று. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தார் இன்னும் ஒரு படி மேலே போய், முகத்துவார நீரைக் கொண்டே செபே மீனைப் பெருக்கிய முறையை 2010-இல் வெளியிட்டனர். ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கிராமங்களுக்கு இது கவனிக்கத் தக்க செய்தி.

கடலில் பிடித்த மீனைவிடப் பண்ணையில் பொரித்து வளர்த்த மீனை வாங்குவதே நல்லது. கடல் மீன் நோயைக் கொண்டு வரும். தொட்டித் தீனிக்குப் பழக நாளாகும். சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியையும் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எதையும் பிடிக்கலாகாது. பவளப் பாறையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எங்கும் காக்கிறது. அழகுக்காக ஒரு துண்டைக் கொண்டு வந்து தொட்டியில் வைத்தாலும் குற்றமே. கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் முட்டையிடாது என்று சிலர் சொல்வது சரியல்ல. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பவே அதற்குச் சாமந்தியின் துணை தேவைப்படுகிறது. எதிரி இல்லாத தொட்டியில் ஒரு மண்சட்டி போதும்.

ஆணா, பெண்ணா?

இந்த மீனில் ஆண் பெண் பார்த்து வாங்கும் வேலையே இல்லை. சிறு வயதில் எதுவும் பெண் அன்று. ஒரு கூட்டத்தில் எது பெரிதாக வளர்ந்து மற்றவற்றை அடக்குகிறதோ அது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது ஆணாகும். மீதமுள்ளவை வளர்ச்சி குன்றியே கிடக்கும். பெண் இறந்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறிவிடும். பெண்ணான பிறகு திரும்ப ஆணாகாது. சினிமாவில் தாயை இழந்த குஞ்சைத் தகப்பன் வளர்க்கிறது. உண்மைக் கடலில் அந்தத் தகப்பனே கொஞ்ச நாளில் தாயாகியிருக்கும்!

ஆகவே வயது குறைந்த மீன்களில் பெரிதாக ஒன்றும், சிறிதாக ஒன்றும் எடுத்து ஒரே தொட்டியில் விட்டால் ஜோடி அமைந்துவிடும். நன்கு வளர்ந்த இரண்டு பெரிய மீன்களை ஒன்றாக விட்டால், இரண்டும் பெண்ணாக இருக்கும் பட்சத்தில் ஒன்றையொன்று கடித்தே கொன்றுவிடும். சிறிய மீன் பெரிய மீனின் முன் உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டுவது பணிவின் அடையாளம். அதை நோய் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். குஞ்சாக வாங்கி வளர்த்தால் முதல் முட்டையைக் காண ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். அதுவரை வருமானம் கிடையாது. முட்டையிட்டுப் பழகிய ஜோடிக்கு விலை அதிகம். ஆனால் காத்திருக்கும் காலம் மிச்சமாகும். இதை யோசித்துத்தான் பணத்தைப் போட வேண்டும். கடன் வாங்கித் தொடங்கும் தொழிலாக இதைக் கருதவே கூடாது.

தொட்டியும் தண்ணீரும்

ஒரு ஜோடிக்கு 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி தாராளம். ஏறக்குறைய 170 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தொட்டி பெரிதாக இருந்தால் தண்ணீரின் குணம் திடீரென்று மாறாது. ஆள் நடமாட்டமும் கதவு அடிக்கும் சத்தமும் இல்லாத மூலையில் வைக்க வேண்டும்.

கடல் நீரைச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்காத இடத்தில், ஏற்றத்தின்போது எடுப்பது நல்லது. எடுத்த நீரை இரண்டு நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, 1000 லிட்டருக்கு 30 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்தால் கிருமிகள் மடியும். பிறகு காற்று பம்பை ஓடவிட்டுக் குளோரினை விரட்ட வேண்டும். இறால் பண்ணைகளில் பழகியவர்களுக்கு இது தெரிந்த வேலைதான். குளோரின் வாடை போய்விட்டது என்று மூக்கை நம்பிவிடாமல், சோதனைத் திரவம் விட்டுப் பார்ப்பது அவசியம். மீதி இருந்தால் சோடியம் தயோசல்பேட் போட்டு நீக்கலாம்.

உள்நாட்டு ஊர்களில் உள்ளவர்கள் சமையல் உப்பைக் கரைத்துக் கடல் நீர் ஆக்க முடியாது. கடல் நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலிய சத்துகள் ஓர் அளவில் கலந்திருக்கின்றன. அதற்கென விற்கும் செயற்கைக் கடல் உப்பையே வாங்க வேண்டும். அதன் செலவு கொஞ்ச நஞ்சமல்ல. உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் சோதனை செய்யாமல் நம்ப முடியாது.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 30 முதல் 35 பங்கு வரை இருக்கலாம். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.022 முதல் 1.025-க்குள் காட்ட வேண்டும். வெப்பம் 26 முதல் 29 டிகிரி சென்டிகிரேடு, பி.எச். அளவு 8.0 முதல் 8.3. வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும்போது, இறங்கிய அளவுக்கு நல்ல தண்ணீரை விட வேண்டுமே தவிரக் கடல் நீரை விடக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேலும் மேலும் கடல் நீரை ஊற்றினால் தொட்டி உப்பளமாகிவிடும்.

வடிகட்டியை வாங்கிப் பொருத்திய அன்றே மீனை விடலாகாது. மீன் கழிவில் பிறக்கும் அம்மோனியா விஷமாகும். அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் கிருமிகள் வடிகட்டியின் மணலிலும் சிப்பித் துண்டுகளிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். வயலில் இட்ட யூரியாவைப் பயிருக்கு ஏற்ற நைட்ரேட்டாக மாற்றித் தருவதும் இதே வேலையைச் செய்யும் கிருமிகள்தாம். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன். வாங்கி வந்த மீனையும் நேராக இந்தத் தொட்டியில் விடாமல் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்து, வெண்புள்ளி, தோல் உரிதல் முதலிய நோய் இல்லையென்று கண்டு கொள்ள வேண்டும்.

குஞ்சுத் தீனி வளர்ப்பு

வடிகட்டி பக்குவப்படும் இந்த ஆறு வாரம் வீணான காலம் அன்று. குஞ்சுத் தீனியைப் பயிர் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இதுவே. இதைப் பயிர் என்று சொல்வதில் தவறில்லை. வெளிச்சமும் உரமும் கொண்டு நுண்பாசி வளர்கிறது. நுண்பாசியைத் தின்று ரோட்டிஃபர் பெருகுகிறது. ரோட்டிஃபரைத் தின்று குஞ்சு பிழைக்கிறது.

'நானோகுளோராப்சிஸ்' என்னும் நுண்பாசி இதற்கு ஏற்றது. விதையாகக் கொஞ்சம் பாசி நீரைக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையங்களிலோ, இறால் மற்றும் மீன் குஞ்சு பொரிப்பகங்களிலோ கேட்டுப் பெறலாம். 20 லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கேனில் சுத்தம் செய்த கடல் நீர் 15 லிட்டருக்கு விதைப் பாசி நீர் 3 லிட்டர் விட்டு, காற்றுக் குழாயைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். குழல் விளக்கு ஒன்றைப் பக்கத்தில் மாட்டினால் மழைக் காலத்திலும் குறைவிருக்காது.

பாசிக்கு உரம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பல ரசாயனங்களைக் கலந்து தருவார்கள். மொத்தமாக வளர்க்கும்போது பொரிப்பகங்களில் பயன்படுத்துவது விவசாயி வீட்டில் இருக்கும் சரக்குதான். 100 லிட்டருக்கு அம்மோனியம் சல்பேட் 10 கிராம், யூரியா 1 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1 கிராம் என்பது கணக்கு. கேன் அளவுக்கு யூரியாவை நிறுக்கத் தட்டானின் தராசுதான் வேண்டியிருக்கும்! ஆகையால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அம்மோனியம் சல்பேட் 100 கிராம், யூரியா 10 கிராம், சூப்பர் பாஸ்பேட் 10 கிராம் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் புட்டியில் ஊற்றி வைத்துக்கொள்வது சுலபம். ஒரு லிட்டர் பாசி நீருக்கு அதில் ஒரு மில்லிலிட்டர் போதும். ஐந்து முதல் ஏழு நாளில் தண்ணீர் கரும்பச்சையாகத் திரண்டுவிடும். அதற்கு முன் எடுக்கக் கூடாது. பாசி உண்ணாத உரம் தண்ணீரில் அம்மோனியாவாகவே நின்று ரோட்டிஃபரையும் குஞ்சையும் கொல்லும்.

ரோட்டிஃபர் என்பது கண்ணுக்குத் தூசி போலத் தோன்றும் நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். தலையில் சக்கரம் சுழல்வது போன்ற மயிர்க்கால்களால் பாசியை இழுத்துத் தின்னும். ஆண் துணையின்றிப் பெண்ணே முட்டையிட்டுப் பெருகுவதால், தீனி இருந்தால் ஒன்றிரண்டு நாளுக்கொரு முறை இரட்டிப்பாகும். 20 லிட்டர் வாளியில் பச்சைத் தண்ணீரை விட்டு, விதை ரோட்டிஃபரை இட்டு, காற்றை மெல்ல ஓடவிட்டால் போதும். பச்சை மங்கித் தண்ணீர் தெளிந்தால் பசி என்று அர்த்தம். மேலும் பாசி நீரை விட வேண்டும்.

எவ்வளவு ரோட்டிஃபர் தேவை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விஷயத்தின் அளவு விளங்கும். குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 ரோட்டிஃபர் இருக்க வேண்டும். 50 லிட்டர் தொட்டியில் மில்லிலிட்டருக்குப் பத்து என்றால் மொத்தம் 5 லட்சம். நன்றாக வளர்ந்த வாளியில் மில்லிலிட்டருக்கு 100 இருக்கும். 20 லிட்டர் வாளியில் 20 லட்சம். தினம் கால் பங்கு, அதாவது 5 லிட்டர் எடுத்தால் 5 லட்சம் கிடைக்கும். எடுத்த அளவுக்குப் பாசி நீரை விட்டால் மறுநாளைக்குள் ஈடுகட்டிவிடும். ஆகவே ஓர் ஈட்டுக் குஞ்சுக்கு ஒரு வாளி என்பது சரியான கணக்கு. ஆனாலும் இரண்டு வாளி வைத்தே தீர வேண்டும். காரணம் தெரியாமலே ஒரு வாளி ஒரே இரவில் மடிந்துபோவது உண்டு. மேலே நுரை கட்டுவது, ரோட்டிஃபர் சோம்பி அடியில் தங்குவது, புளித்த வாடை வருவது ஆகியவை அபாய அறிகுறிகள். அப்போது நல்லவற்றை நுண்வலையில் வடித்து, சுத்தமான கடல் நீரில் அலசிப் புது வாளியில் தொடங்க வேண்டும். இரண்டு வாளிகளுக்கும் தனித்தனிக் குவளை, தனித்தனி வலை வைத்துக்கொள்வது உசிதம்.

எண்ணுவதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, கறுப்புக் காகிதத்தின் முன் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெள்ளைப் புள்ளிகள் நீந்துவது தெரியும்.

பாசி குறைந்த நாளில் ரொட்டி ஈஸ்டைத் தண்ணீரில் கரைத்துத் துளி துளியாக விட்டு ரோட்டிஃபரைக் காப்பாற்றலாம். ஆயினும் ஈஸ்ட் தின்ற ரோட்டிஃபரில் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்து இல்லை. குஞ்சுக்குக் கொடுக்குமுன் சில மணி நேரமாவது பச்சைத் தண்ணீரில் விட்டு எடுக்க வேண்டும். பட்டை அரைகுறையாக விழுந்த மீன்கள் பண்ணைகளில் தோன்றுவதற்கு இந்தக் குஞ்சுப் பருவச் சத்துக் குறைவு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அத்தகைய மீனைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளத் தயங்குவார்.

ஜோடி முட்டையிட மாதக் கணக்கில் ஆகலாம். அதுவரை வாளி வாளியாகப் பெருக்கி வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டு லிட்டர் புட்டிகள் இரண்டில் பாசியும், இரண்டில் ரோட்டிஃபரும் விதையாக உயிரோடு இருந்தால் போதும். முட்டை கண்ட அன்றே வாளிக்கு மாற்றினால், பொரிக்கும் நாளுக்குள் திரண்டுவிடும்.

முட்டையும் பொரிப்பும்

ஜோடிக்கு நறுக்கிய இறால், மட்டிச் சதை, கணவாய், மீன் சினை ஆகியவற்றை மாற்றி மாற்றி நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும். தின்றதுபோக மீதியை உடனே எடுத்துவிட வேண்டும். தொட்டியில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தோ, ஓட்டுத் துண்டைச் சாய்த்தோ வைத்தால், முட்டையிடும் காலத்தில் இரண்டும் அதைக் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்யும். பெண்ணின் வயிறு பருத்திருக்கும். பகல் வேளையில் பெண் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் பின்னாலேயே வந்து கருவூட்டும். இளம் ஜோடி நூறு இருநூறு முட்டையே இடும். தேறிய ஜோடி 300 முதல் 1000 வரை இடும். முதல் ஒன்றிரண்டு ஈட்டைப் பெற்றவையே தின்றுவிடுவது சகஜம். அதற்காக ஜோடியை மாற்றக் கூடாது. சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் இடும். ஒவ்வோர் ஈட்டையும் குஞ்சாக்கியே தீர வேண்டுமென்பதில்லை. தீனி தயாராக இல்லாத ஈட்டை விட்டுவிடுவதே புத்தி.

முட்டையை ஆண் மீன் காக்கும். துடுப்பால் விசிறிக் காற்றோட்டம் தரும். வெளுத்துச் செத்த முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கும். முதல் நாள் ஆரஞ்சு நிறமாக இருக்கும் முட்டை மூன்று நான்கு நாளில் கறுக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள் வெள்ளிபோல் மின்னும். 28 டிகிரி வெப்பத்தில் ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாள், விளக்கை அணைத்து இருட்டான ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குஞ்சு பொரியும். குளிர்ந்த நீரில் ஓரிரு நாள் தள்ளிப் போகும். கண் வெள்ளியாக மின்னிய மாலையில் முட்டை ஒட்டிய ஓட்டைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் ஏந்தி, காற்றுப் படாமல் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, கீழிருந்து காற்றுக் குமிழ் முட்டைகளை ஒட்டி ஏறும்படி வைக்க வேண்டும். குமிழ் தகப்பனின் துடுப்பு வேலையைச் செய்யும். குஞ்சுத் தொட்டிக்கும் பெற்றவை இருக்கும் தொட்டியின் தண்ணீரையே விட வேண்டும்.

ஓட்டை மாற்றத் தவறிவிட்டால், வடிகட்டியை நிறுத்திவிட்டு, தொட்டியின் ஒரு மூலையில் டார்ச் விளக்கைப் பிடித்தால் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி வந்து குவியும். அவற்றைக் குவளையால் தண்ணீரோடு மொள்ள வேண்டும். வலையால் அள்ளிய குஞ்சு பிழைக்காது.

முதல் பதினைந்து நாள்

குஞ்சுத் தொட்டியின் பக்கங்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் இரையை விட்டுவிட்டு அதிலேயே முட்டிக்கொண்டிருக்கும். மேலே மங்கலான விளக்கு ஒன்று, நடுவே மெல்லிய காற்று. வடிகட்டி வேண்டாம், குஞ்சை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் இளம்பச்சையாகத் தெரியும் அளவுக்குப் பாசி நீர் விடலாம். தொட்டியில் உள்ள ரோட்டிஃபரும் பட்டினியில்லாமல் இருக்கும்.

ரோட்டிஃபரை வாளி நீரோடு சேர்த்து ஊற்றுவது பலர் செய்யும் தவறு. வாளி நீர் அழுக்கு நீர். 50 மைக்ரான் வலைத்துணியில் வடித்து, அலசி, ரோட்டிஃபரை மட்டும் விட வேண்டும். காலையும் மாலையும் எண்ணிப் பார்த்துக் குறைந்த அளவைச் சேர்க்க வேண்டும். தினம் அடியில் தங்கிய கழிவைக் காற்றுக் குழாயின் மெல்லிய ரப்பரால் உறிஞ்சி எடுத்து, பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். புது நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவது நல்லது. வயிறு வெள்ளியாகப் பருத்த குஞ்சு தின்கிறது என்று அறியலாம். ஒட்டிய வயிற்றோடு மேல்மட்டத்தில் சுழல்வது தேறாது.

ஆறாம் நாள் முதல் எட்டாம் நாளுக்குள் ஆர்ட்டீமியாவைச் சேர்க்கத் தொடங்கலாம். தூத்துக்குடி உப்பளங்களில் காணும் அதே உப்புப் பூச்சிதான் இது. டப்பாவில் விற்கும் இதன் முட்டையைக் கடல் நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் போட்டு, பலமாகக் காற்றடித்து, வெளிச்சத்தில் வைத்தால் 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்தினால் ஓடு மிதக்கும். குஞ்சு அடியில் வெளிச்சத்தை நோக்கித் திரளும். ஓடு கலக்காமல் எடுக்க வேண்டும். ஓட்டை விழுங்கிய மீன் குஞ்சு குடல் அடைத்துச் சாகும். பொரித்த அன்றே கொடுத்துவிட வேண்டும். நேரம் ஆக ஆக அதன் சத்து குறைந்துவிடும். ரோட்டிஃபரைச் சட்டென்று நிறுத்தாமல், எல்லாக் குஞ்சும் ஆர்ட்டீமியாவைப் பிடிப்பதைக் கண்ட பிறகு படிப்படியாகக் குறைக்கலாம்.

எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் உருமாற்றம் நிகழும். அதுவரை எங்கும் மிதந்து திரிந்த குஞ்சு அடியை நோக்கி இறங்கும். உடலில் நிறம் ஏறித் தலையில் முதல் வெள்ளைப் பட்டை தெரியும். இந்தத் தறுவாயில் இன்னொரு முறை சாவு விழும். அம்மோனியாவை அன்றாடம் சோதித்து வந்தவருக்கு இழப்பு குறையும். பட்டை விழுந்த குஞ்சுக்குப் பக்குவப்பட்ட வடிகட்டியை மெல்ல ஓடவிட்டு, நாளடைவில் நுண்தூள் தீனிக்குப் பழக்கலாம். முதல் ஈட்டில் பத்துக் குஞ்சு தேறினாலும் அது நல்ல ஆரம்பமே.

மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

செலவும் சந்தையும்

ஒரு ஜோடி, மூன்று தொட்டி, நான்கு வாளி என்ற அளவில் ஓர் ஆண்டு பழகிய பிறகே விரிவுபடுத்துவது நல்லது. நாற்று நடவு, அறுவடை என்று வீட்டிலுள்ள அனைவரும் வயலுக்குப் போகும் நாளிலும் குஞ்சுக்கு இரண்டு வேளை தீனி தவறக் கூடாது. வீட்டில் ஒருவர் இதற்கென்று இருக்க முடியாதவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

குஞ்சு 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு வர மூன்று நான்கு மாதமாகும். சிலவற்றுக்குக் கூடுதலாகவும் ஆகும். விலை ஊருக்கு ஊர் வேறுபடும். மதுரை, சென்னை போன்ற நகரங்களின் அலங்கார மீன் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம், எந்த வகை, எந்த அளவு, மாதம் எத்தனை எடுப்பார்கள் என்று தொடங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். சென்னை கொளத்தூர் வட்டாரம் அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்களே கைமாறுகின்றன. கடல் மீன் வாங்குவோரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் வீட்டுக் கொல்லை அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்குச் செலவு ரூ.3 லட்சம் என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியமாக வகுக்கப்பட்டது. இவ்வாண்டு என்ன உதவி உண்டு என்பதையும் பதிவு விவரங்களையும் மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

விற்பனைக்கு அனுப்பும் மீனுக்கு முந்திய நாள் தீனி போடக் கூடாது. வயிறு காலியாக இருந்தால் வழியில் தண்ணீர் கெடாது. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதிக்கு ஆக்சிஜனும் நிரப்பி, பைக்கு ஒரு மீன் வீதம் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுமுன் வண்டியேற்ற வேண்டும்.